பால் சுறாவும் புலியும் ஒன்றா?
சர்க்கார் உத்தரவைத் திருத்த வைத்த மீனவர்கள்

பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு குறுகலான மரப்படி இருக்கிறது. அதில் ஏறினால் மந்திரசாலை. திருவிதாங்கூர் மன்னர்கள் மந்திரிகளோடு கூடி ஆலோசனை நடத்திய அறை.

தரை கன்னங்கரேல் என்று கண்ணாடி போல் மின்னும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்கிறார்கள். சன்னல்களில் வண்ண வண்ண அபிரகத் தகடுகள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

பார்க்க வருகிறவர்கள் தரையைத் தடவிப் பார்க்கிறார்கள். சன்னலை அண்ணாந்து பார்க்கிறார்கள். போய்விடுகிறார்கள்.

இந்த அரண்மனையிலிருந்து ஆண்ட மார்த்தாண்ட வர்மா காலத்தில் மிளகு வியாபாரம் முழுவதும் சர்க்கார் கைக்குப் போயிற்று. மிளகுக் கொடி நட்டவன் விருப்பப்பட்டவருக்கு மிளகை விற்க முடியாது. அந்த முடிவை எடுத்தபோது கொடி நட்டவனை யாரும் கூப்பிட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். அது ராஜாக்கள் காலம்.

இன்று ராஜாவும் இல்லை, திவானும் இல்லை. ஆனால் மந்திரசாலை இருக்கிறது. சென்னையிலும் டில்லியிலும் அதற்கு வேறு பெயர். அங்கே தினந்தோறும் யாரோ ஒருவருடைய தொழிலுக்குச் சட்டம் எழுதப்படுகிறது. அந்தத் தொழிலைச் செய்கிறவர் அப்போது எங்கே இருக்கிறார்?

பெரும்பாலும் தொழிலில் இருக்கிறார்! வலையில் இருக்கிறார், தறியில் இருக்கிறார், கடையில் இருக்கிறார். உத்தரவு வந்த பிறகுதான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறார்.

அப்படி உட்காராமல் எழுந்து போனவர்களின் கதை இது. அவர்களும் பத்மநாபபுரம் கோட்டத்துக்காரர்கள்தான்.

எட்டு ஊர் மீனவர்கள்

கன்னியாகுமரி ஜில்லாவின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி, கடலோரமாக எட்டு ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. இந்த வட்டாரத்தையே தூத்தூர் வட்டாரம் என்பார்கள். பத்மநாபபுரம் சப் கலெக்டரின் அதிகாரத்துக்கு உட்பட்ட பகுதி.

இந்தியாவில் சுறா பிடிப்பதில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். நீளமான கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கட்டி ஆழ்கடலில் விடுவார்கள். குஜராத் கடல், மகாராஷ்டிரக் கடல், லட்சத்தீவு, அந்தமான் என்று எங்கும் போவார்கள். ஒரு முறை கிளம்பினால் வாரக்கணக்கில் கரை காண மாட்டார்கள். கொச்சித் துறைமுகத்தில் மீனை இறக்கிவிட்டு மறுபடியும் கடலுக்குப் போகிறவர்கள் பலர்.

2001-ஆம் ஆண்டு ஜூலை மாதம். டில்லியில் மத்திய சர்க்கார் ஓர் அறிவிக்கை போட்டது. சுறா, திருக்கை, வேளா ஆகிய மீன் குலம் முழுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது!

முதல் அட்டவணை என்றால் என்ன? புலி, யானை இருக்கும் அட்டவணை. அதில் உள்ள பிராணியைக் கொன்றால் சிறைவாசம். இறைச்சியை வைத்திருந்தாலும் குற்றம். விற்றாலும் குற்றம்.

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊற வேண்டும் என்று பால் சுறா வாங்கிக் குழம்பு வைப்பது நம் கடலோரத்து வழக்கம். சுறாப்புட்டு செய்யாத வீடு உண்டா? அந்த உத்தரவுப்படி, மருமகளுக்குப் பால் சுறா வாங்கி வந்த மாமியாரும் புலி வேட்டைக்காரனும் ஒன்று!

ஏன் அப்படி ஓர் உத்தரவு?

டில்லிக்காரர்களுக்குப் புத்தி கெட்டுப் போயிற்று என்று சொல்லிவிடலாம். ஆனால் அது நியாயம் அல்ல.

திமிங்கலச் சுறா என்று ஒரு மீன் உண்டு. உலகத்து மீன்களிலேயே பெரியது. பஸ்ஸை விட நீளமாகக்கூட வளரும். ஆளைக் கடிக்காத சாது. குஜராத் கரையோரத்தில் அதைக் குத்திக் கொன்று கொண்டிருந்தார்கள். மைக் பாண்டே என்ற படத் தயாரிப்பாளர் அதைப் படம் பிடித்தார். 2000-ஆம் ஆண்டில் அந்தப் படம் வெளிவந்து உலகப் பரிசும் வாங்கியது. பார்த்தவர்கள் பதறிப் போனார்கள். 2001 மே மாதம் திமிங்கலச் சுறாவைக் கொல்லக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டது. அது நல்ல தடை. இன்றும் அதைக் குறை சொல்ல யாரும் இல்லை.

சுறாக்கள் குறைந்து வந்ததும் உண்மைதான். மத்தி, நெத்திலி மாதிரி சுறா லட்சக்கணக்கில் முட்டை இடுவது கிடையாது. பல சுறா இனங்கள் குட்டி போட வயதுக்கு வரவே பல வருஷம் ஆகும். போடும் குட்டியும் கைவிட்டு எண்ணக்கூடிய அளவுதான். வெளிநாட்டுக் கப்பல்கள் சில, துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உயிரோடு துடிக்கும் உடலைக் கடலில் தள்ளிவிடும் அக்கிரமமும் நடந்தது. சீனத்து விருந்துகளில் சுறாத் துடுப்பு சூப்புக்கு அவ்வளவு கிராக்கி!

ஆகவே சுறாவுக்காகப் பேசியவர்கள் டில்லிக்குப் போனார்கள். படம் காட்டினார்கள். கணக்குக் காட்டினார்கள். சர்க்காரும் கேட்டது.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. சுறாவுக்காகப் பேச ஆள் இருந்தது. சுறா பிடிக்கிறவருக்காகப் பேச அந்த அறையில் ஆள் இல்லை. அதுதான் விஷயம்.

ஆள் இருந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பார். "ஐயா, வலையில் எந்த மீன் வந்து விழும் என்று வலைக்குத் தெரியுமா?" மற்ற மீனுக்குப் போட்ட வலையில் சிறு சுறாவும் திருக்கையும் சேர்ந்து விழும். பெரும்பாலும் மேலே இழுக்கும்போதே செத்திருக்கும். அதைக் கரைக்குக் கொண்டு வந்தால் ஜெயிலா?

இன்னொன்றும் சொல்லியிருப்பார். துடுப்பை அறுத்து உடலை வீசும் வழக்கம் இந்த ஊர்களில் இல்லை. இங்கே சுறாவின் தலை முதல் வால் வரை காசு. இறைச்சி சமையலுக்கு, மிஞ்சியது கருவாட்டுக்கு, ஈரலில் எண்ணெய்.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கிற சங்கதி அல்ல. தொழில் செய்கிறவர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

ஐந்தே மாதம்

உத்தரவு வந்ததும் தூத்தூர் வட்டாரத்தில் கொந்தளிப்பு. கேரளத்திலும் அப்படியே. மீனவர் சங்கங்கள் மனுக்களோடு கிளம்பின.

அவர்கள் கேட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். "சட்டமே வேண்டாம், இஷ்டப்படி பிடிப்போம்" என்பது வாதம் அல்ல. "எந்த இனம் அழிகிறதோ அதைத் தடுங்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள்" என்பதே வாதம்.

2001 டிசம்பர் மாதம் உத்தரவு திருத்தப்பட்டது. மொத்தக் குலத்துக்கும் போட்ட தடை போயிற்று. அருகிப் போன பத்து இனங்களுக்கு மட்டும் தடை நின்றது. திமிங்கலச் சுறா, வேளா மீன்கள், கங்கை நதிச் சுறா முதலியவை அந்தப் பத்தில் அடங்கும்.

ஜூலையில் போட்ட உத்தரவு டிசம்பரில் மாறியது. பால் சுறா மறுபடியும் சந்தைக்கு வந்தது. திமிங்கலச் சுறாவும் பிழைத்தது.

நினைத்துப் பாருங்கள். இந்த மனுவை ஒரு வருஷம் முன்னதாகவே கொடுத்திருந்தால், அந்த ஐந்து மாதப் பயமும் பதற்றமும் ஏன்?

"நமக்கு எதுக்கு மக்கா?"

சட்டத்துக்காகச் சர்க்காரிடம் போய்ப் பேசுவது என்றாலே நம் ஊரில் பலருக்கு முகம் சுளிக்கும். "அதெல்லாம் பெரிய மனுஷன் வேலை. கவர் கொடுத்துக் காரியம் சாதிக்கிற வேலை" என்பார்கள்.

மனு வேறு, மாமூல் வேறு. மாமூல் இருட்டில் கைமாறும். மனு வெளிச்சத்தில் கொடுக்கப்படும். அதற்கு ரசீது உண்டு, நம்பர் உண்டு, பதிலும் உண்டு. சங்கம் அமைப்பதும் பேசுவதும் அரசியல் சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் கொடுத்த உரிமை.

இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு மனு மீது கோபம் இல்லை, சோம்பல்தான். "சங்கத்துக்காரங்க போவாங்க மக்கா, நமக்கு எதுக்கு? கிடைச்சா எல்லாருக்கும்தானே கிடைக்கும்!"

கணக்கு சரியாகத்தான் தோன்றுகிறது. போனால் ஒரு நாள் கூலி நஷ்டம், பஸ் சார்ஜ் நஷ்டம். போகாவிட்டாலும் பலன் வீடு தேடி வரும். ஆனால் நூறு பேரும் இப்படியே கணக்குப் போட்டால் யார் போவது?

யாருமே போகாமல் இருப்பதில்லை. சிலர் போவார்கள். எந்தச் சிலர் என்பதுதான் கேள்வி. சங்கக் கூட்டத்துக்குப் பத்துப் படகு வைத்திருப்பவர் மட்டும் வந்தால், சங்கத்தின் மனுவில் அவர் குறைதான் இருக்கும். கட்டுமரக்காரன் குறை அதில் எப்படி வரும்? வராதவன் சார்பில் வந்தவன் பேசிவிடுவான். அப்புறம் "சங்கம் நம்மைக் காட்டிக் கொடுத்துவிட்டது" என்று திண்ணையில் உட்கார்ந்து திட்டிப் பிரயோஜனம் இல்லை.

பெரிய கம்பெனிகளுக்கு இந்தக் கவலை கிடையாது. டில்லியில் ஆபீஸ் வைத்திருப்பார்கள். கெஜட்டைப் படிக்கவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பார்கள். சிறு தொழில்காரருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவருக்குத்தான் சங்கம் அதிகம் தேவை. இது பலருக்குத் தலைகீழாகப் படுகிறது!

உப்பு வரியும் வேலுத்தம்பியும்

கூடிப் போய்க் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல.

தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. பாலராம வர்மா சிறு வயதிலேயே பட்டத்துக்கு வந்தார். ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி என்பவரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, வசதி உள்ளவர்களிடம் கட்டாயப் பணம் பிடுங்கினார்கள். கொடுக்காதவருக்குச் சவுக்கடி.

பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள தலக்குளத்தைச் சேர்ந்த வேலுத்தம்பிக்கும் ஓலை வந்தது. "மூன்று நாள் தவணை கொடுங்கள், பணத்தோடு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்தார். மூன்று நாளில் அவர் திரட்டியது பணத்தை அல்ல, ஜனங்களை! 1799-இல் நாஞ்சில் நாட்டு ஜனங்கள் திரண்டு போய்த் திருவனந்தபுரம் கோட்டை முன்னால் நின்றார்கள்.

மன்னர் ஆள் அனுப்பி, என்ன வேண்டும் என்று கேட்டார். நம்பூதிரியை நீக்க வேண்டும். அவரைத் திரும்பவும் பதவியில் வைக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். கூட்டாளிகளைத் தண்டிக்க வேண்டும். உப்பு வரி முதலிய கொடிய வரிகளை எடுக்க வேண்டும். மன்னர் இணங்கினார்.

"எழுத்தில் கொடுக்க வேண்டும்" என்று கேட்டார்களே, அந்தச் சாமர்த்தியத்தைப் பாருங்கள். இன்றைக்குக்கூட, மந்திரி சிரித்த முகத்தோடு "பார்க்கலாம்" என்று சொன்னதும் மாலை போட்டுவிட்டுத் திரும்பி வருகிற சங்கங்கள் எத்தனையோ!

பிறகு 1904-இல் திருவிதாங்கூரில் ஸ்ரீமூலம் பிரஜா சபை ஏற்பட்டது. தாலுகா தோறும் பிரதிநிதிகள் திருவனந்தபுரம் போய், வருஷத்துக்கு ஒரு தடவை திவான் முன்னால் ஜனங்களின் குறைகளைச் சொல்லலாம். சட்டம் போடும் அதிகாரம் சபைக்கு இல்லை. சொல்லத்தான் முடியும். அதிலும் பெரும்பாலும் நிலவரி நிறையச் செலுத்துகிறவர்களும் பெரிய வருமானக்காரர்களும்தான் போனார்கள். புலையர் மக்களுக்காக வேறு யாராவது பேசினால் உண்டு. 1911-இல் அய்யன்காளி சபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அடுத்த வருஷம் தம் ஜனங்களுக்கு நிலம் வேண்டும் என்று அவரே எழுந்து கேட்டார். அடுத்தவர் அனுதாபத்தோடு சொல்வதற்கும், வயலில் சேற்றோடு நின்றவரே சொல்வதற்கும் வித்தியாசம் இல்லையா?

சண்டைக்காரர்கள் ஒன்று சேர்ந்தார்கள்

மீனவர்களுக்குள் எப்போதும் ஒற்றுமை என்று நினைத்துவிடக் கூடாது. கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் நடுக்கடலில் நடந்த சண்டைகள் எத்தனை! வலை அறுப்பு, படகு எரிப்பு, உயிர்ச் சேதம். அதன் பிறகுதான் 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை சிறு மீனவருக்கு, அதற்கு அப்பால் விசைப்படகுக்கு என்று கோடு கிழித்தார்கள்.

இப்படி எலியும் பூனையுமாக இருந்தவர்கள் ஒரு தடவை ஒரே மேடையில் ஏறினார்கள். 1991-இல் மத்திய சர்க்கார் புதிய ஆழ்கடல் கொள்கை கொண்டு வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து பெரிய பெரிய கப்பல்களை நம் கடலில் விட அனுமதி. அந்தக் கப்பல் வந்தால் கட்டுமரக்காரனுக்கும் மீன் இல்லை, விசைப்படகுக்காரனுக்கும் மீன் இல்லை.

1994-இல் நாடு முழுவதும் மீன்பிடி வேலைநிறுத்தம். சிறு மீனவர், விசைப்படகு முதலாளி, மீன் வியாபாரி எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பாதிரியார் தாமஸ் கோச்சேரி 1995-இல் போர்பந்தரில் உண்ணாவிரதம் இருந்தார். சர்க்கார் முராரி என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. முதலில் கமிட்டி முழுக்க அதிகாரிகள். "எங்கள் ஆட்கள் இல்லாமல் எங்களைப் பற்றி என்ன கமிட்டி?" என்று மீனவர்கள் கேட்டார்கள். பிறகு மீனவர் பிரதிநிதிகளும் சேர்க்கப்பட்டார்கள். 1996-இல் அறிக்கை வந்தது. அந்தக் கப்பல்களுக்குப் புது லைசென்ஸ் கூடாது என்றது. 1997-இல் மந்திரி சபை அறிக்கையை ஏற்றுக்கொண்டது.

வேலைநிறுத்தம் கதவைத் திறந்தது. ஆனால் அறிக்கையில் என்ன எழுதுவது என்பது கமிட்டி அறைக்குள்தான் முடிவாயிற்று. கோஷம் போடத் தெரிந்தவரும் வேண்டும், கணக்கோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவரும் வேண்டும்.

கிரைண்டரும் டாங்கும்

கடலோரம் மட்டும் அல்ல. வீட்டில் மாவு அரைக்கிற கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கல் கிரைண்டருக்கு 28 சதவிகித வரி! ஆடம்பரச் சாமான் என்று எண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது. இட்லி தோசை சாப்பிடாதவர்களுக்குக் கிரைண்டர் அடுப்படிச் சாமான் என்று எப்படித் தெரியும்?

கோயமுத்தூர்க் கிரைண்டர் உற்பத்தியாளர்கள் விடாமல் மனு கொடுத்தார்கள். அதே வருஷம் நவம்பரில் வரி 12 சதவிகிதமாக இறங்கியது. 28-லிருந்து 12-க்கு இறக்கிய அந்தச் சிறிய பட்டியலில் கிரைண்டரோடு சேர்ந்து இருந்த இன்னொரு சாமான் என்ன தெரியுமா? ராணுவ டாங்கு! 2019 செப்டம்பரில் கிரைண்டர் வரி 5 சதவிகிதத்துக்கு வந்தது. முதல் வெற்றியோடு நிறுத்தியிருந்தால் அப்போது அது 12-லேயே நின்றிருக்கும்.

தோற்ற மனுக்களும் உண்டு

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொல்வது பொய்.

2013-இல், சுறாத் துடுப்பைத் தனியே வெட்டிக் கரைக்குக் கொண்டு வரக் கூடாது, உடலோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2015 பிப்ரவரியில் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கே தடை. சுறாவில் அதிக விலை போவது துடுப்புதான். சட்டப்படி பிடித்த சுறாவின் துடுப்பையும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்றாயிற்று. முழுச் சுறாவையும் கரைக்குக் கொண்டு வந்து விற்கிறவனுக்கும், துடுப்பை அறுத்து உடலைக் கடலில் வீசியவனுக்கும் ஒரே தண்டனை. 2001-இல் எடுபட்ட வாதம் இந்தத் தடவை எடுபடவில்லை.

இப்போது சட்டம் எழுதும் மேசை டில்லியையும் தாண்டிப் போய்விட்டது. அருகி வரும் உயிரினங்களின் வாணிபம் பற்றி ஒரு சர்வதேச ஒப்பந்தம் உண்டு. சைட்டிஸ் என்பார்கள். 2013-இல் பாங்காக்கில் கூடி, கொம்பன் சுறா முதலியவற்றைப் பட்டியலில் சேர்த்தார்கள். 2022-இல் பனாமாவில் கூடி, நம் வலைகளில் சகஜமாக விழும் சுறாக் குடும்பம் ஒன்றை முழுவதுமாகச் சேர்த்தார்கள். பார்லிமெண்டும் 2022-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியது. 2023 ஏப்ரலில் அது அமுலுக்கு வந்தபோது, அட்டவணைகளில் மேலும் பல சுறா, திருக்கை இனங்கள் இடம் பெற்றிருந்தன.

பனாமா எங்கே, பூத்துறை எங்கே! அங்கே பேச வேண்டும் என்றால் கையில் கணக்கு வேண்டும். எந்த மாதம், எந்தக் கடலில், எந்த இனம், எத்தனை, எவ்வளவு நீளம் என்ற கணக்கு. அதைப் படகில் இருக்கிறவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால்தான் உண்டு. விஞ்ஞானி ஒவ்வொரு படகிலும் ஏறி உட்கார முடியாது. எழுதாத கணக்கு இல்லாத கணக்கு. அப்போது எதிர்க்கட்சி கொண்டு வரும் கணக்கே செல்லும்.

ஒக்கி புயலையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2017 நவம்பர் கடைசியில் புயல் அடித்தபோது இந்த எட்டு ஊர்ப் படகுகள் பல நெடுந்தூரத்தில் இருந்தன. எச்சரிக்கை சொல்ல வழி இல்லை. பலர் திரும்பவே இல்லை. டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடுங்கள் என்று கதறினார்கள். நஷ்ட ஈடு பத்து லட்சம் என்றது இருபது லட்சம் ஆயிற்று. ஆனால் தூரத்துப் படகுக்குச் செய்தி சொல்லும் கருவி வேண்டும் என்ற கோரிக்கை, புயலுக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து கேட்டுப் பெற்றிருக்க வேண்டிய ஒன்று. போன உயிருக்கு எந்த லட்சமும் ஈடு ஆகாது.

எங்கே போவது? எப்போது போவது?

புதிய சட்டம் வரப் போகிறது என்றால் முதலில் வரைவு வெளியாகும். பொதுவாக மத்திய சர்க்கார் சட்ட வரைவைக் குறைந்தது 30 நாள் ஜனங்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் கொள்கை வகுத்திருக்கிறது. சுற்றுச்சூழல் விதிகளுக்கு ஆட்சேபணை சொல்ல 60 நாள் தவணை வழக்கம். அந்த நாட்கள்தான் தங்கமான நாட்கள். மை காய்ந்த பிறகு மாற்றுவது, கட்டிய வீட்டை இடித்துக் கட்டுவது போல.

"இங்கிலீஷில் இருக்கிறதே, யாருக்குப் புரியும்?" என்று கேட்கலாம். 2020-இல் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு பற்றிய வரைவு இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும் வந்தது. டில்லி ஹைக்கோர்ட்டுக்கு வழக்குப் போயிற்று. எல்லா மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடுங்கள் என்று கோர்ட்டு சொன்னது. ஆட்சேபணைத் தவணையும் ஆகஸ்டு 11 வரை நீண்டது. தமிழில் கேட்பதும் உரிமைதான்.

சிறு விஷயங்களுக்கு டில்லி வரை போக வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள். மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் 61 நாள். தமிழ்நாட்டில் இந்த இரண்டு தடைக்காலமும் உள்ள ஜில்லா கன்னியாகுமரி ஒன்றுதான். ஒரே ஜில்லாவில் ஒரு துறைமுகத்தில் படகு கட்டிக் கிடக்கும், இன்னொரு துறைமுகத்தில் படகு கடலுக்குப் போகும். இந்த நுட்பமெல்லாம் வெளியூர் அதிகாரிக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

பத்மநாபபுரத்தில் சப் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. நாகர்கோவிலில் கலெக்டர் ஆபீசில் மீனவர் குறைதீர்க்கும் நாள் கூட்டம் தனியாக நடக்கிறது. போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரு தாளில், எந்த உத்தரவு, அதில் எந்த வரி, அதனால் எத்தனை பேருக்கு என்ன கஷ்டம், அதற்குப் பதில் என்ன எழுதலாம் என்று நாலு பத்தி போதும். "ரத்து செய்" என்ற மனுவை மூடி வைப்பது அதிகாரிக்குச் சுலபம். "இந்தச் சொல்லுக்குப் பதில் இந்தச் சொல்" என்ற மனுவை அவர் மேலே அனுப்பித்தான் ஆகவேண்டும். நகல் ஒன்றில் முத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சங்கடம் உண்டு. கூட்டம் நடக்கும் நாளில் தூத்தூர்ப் படகு குஜராத் கடலில் நிற்கும். சுறா பிடிக்கிறவர் எப்படி வருவார்?

கரையில் இருப்பவர்கள் வரலாம். கடலுக்குப் போவதை நிறுத்திய பெரியவர்களுக்கு மீனின் பெயரும் குணமும் அத்துப்படி. மீன் விற்கிற அம்மாக்களுக்குச் சந்தை விலை விரல் நுனியில். பள்ளிக்கூடம், காலேஜ் படித்த பிள்ளைகளுக்குக் கெஜட்டைப் படித்துச் சொல்லத் தெரியும். படகில் எழுதிய நோட்டுப் புத்தகம் வீட்டில் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் பஸ் ஏற வேண்டியதுதான்.